அனகாவுக்காக ஒரு ஜெபக் குறிப்பு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபக் குறிப்பு வாசிக்கிற நேரம் வந்தால் ஜீனா கண்ணை மூடிக்கொண்டு தன் நாவலின் அடுத்த அத்தியாயத்தை யோசிப்பாள். கண் மூடியிருப்பதால் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். அவளுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. குன்னத்துகால் பக்கத்து அந்தச் சின்னச் சபையில் ஜெபக் குறிப்பு என்பது காணிக்கைப் பையோடு வருகிற துண்டுச் சீட்டு. முட்டு வலி, அரசு வேலைக்கான பிஎஸ்சி பரீட்சை, கிடைக்காத விசா, சினை பிடிக்காத பசு எல்லாம் அதில் வரும். சபைச் செயலாளர் விஜயதாஸ் ஒவ்வொன்றாக வாசிக்க, சபையார் ஜெபிப்பார்கள். பெயர் சொல்லாமல் வாசிப்பதுதான் முறை. ஆனால் பெயர் சொல்லாவிட்டால் கர்த்தர் யாரென்று தேடுவார் என்பது விஜயதாஸின் கட்சி. முப்பது வருஷம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். எந்த வண்டி எந்தப் பாதையில் வருகிறது என்று தெளிவாகச் சொல்லியே பழகியவர்.

"அடுத்தது, சகோதரி சுகுமாரி தந்த குறிப்பு" என்று அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "குளத்தூரில் இருக்கும் அனகா என்ற பதினாறு வயதுப் பிள்ளை, பெற்ற தாயின் கொடுமை தாங்காமல் வருகிற சனிக்கிழமை பாறசாலையில் ரயிலேறி வீட்டை விட்டுப் போகத் தீர்மானித்திருக்கிறாள். பிள்ளையைக் கர்த்தர் தடுத்து நிறுத்தவும், அந்தத் தாயின் கல் நெஞ்சை உருக்கவும் சபையார் பாரத்தோடு ஜெபிக்க வேண்டும்."

ஜீனா கண்ணைத் திறந்தாள்.

குளத்தூரில் அப்படி ஒரு அனகா கிடையாது. அவளுக்கு ரேஷன் கார்டு இல்லை, ஆதார் இல்லை, இடது கன்னத்து மச்சம்கூட போன மாதம்தான் வந்தது. அவள் குடியிருப்பது ஜீனாவின் கைப்பேசியில், முப்பத்தொரு அத்தியாயங்களில். அவளைப் படைத்தவள் மூன்றாவது பெஞ்சில் முழி பிதுங்க உட்கார்ந்திருக்க, எண்பது பேர் அவளுக்காகத் தலை குனிந்தார்கள். பெண்கள் பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதவள் ஜீனாவின் அம்மா சுகுமாரி.

நடந்தது இவ்வளவுதான். ஜீனாவுக்கு இருபத்தாறு வயது. பகலில் பாறசாலை ஜங்ஷனில் ஓர் ஆன்லைன் சேவை மையத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறாள். மற்ற நேரத்தில் 'தேன்வரிக்கை' என்ற பெயரில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்காகக் கதை எழுதுகிறாள். அந்தப் பெயரில் ஒளிந்திருப்பது யாரென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கைப்பேசியில் கதை படிக்கும் செயலி ஒன்றில் இரண்டு தொடர்கள் வந்து, களியக்காவிளை எல்லைக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் உள்ள பெண் பிள்ளைகள் அதற்குப் பைத்தியமாக அலைந்தார்கள். கதைக்குச் சரக்கு தேடி அவள் எங்கும் போனதில்லை. பிளஸ் ஒன் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க அம்மாமாரோடு வரும் பிள்ளைகள், அம்மா குடையை எடுக்க வெளியே போகிற அரை நிமிஷத்தில், "சேச்சி, சயன்ஸ மாத்தி ஆர்ட்ஸ் போடுவீங்களா?" என்று கிசுகிசுப்பார்களே, அந்த அரை நிமிஷத்தில் இருந்துதான் அவளுடைய நாவல்கள் எல்லாம் புறப்பட்டன. அனகாவும் அப்படி வந்தவள்தான். சாக்ஸில் சேறு காயாமல் வந்து நின்ற ஒரு பிள்ளை, ஃபுட்பால் அகாடமி படிவத்தைக் காட்டி, "இதுக்கு அம்மைக்க ஒப்பு கட்டாயமாக்குமா?" என்று கேட்டது. கட்டாயம் என்றதும் படிவத்தை நான்காக மடித்துக்கொண்டு போய்விட்டது. அன்று சாயங்காலமே முதல் அத்தியாயம் தயார்.

எழுதுவதிலும் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குப் பின்னால் உள்ள ரப்பர் தோட்டத்தில் நடந்துகொண்டே எல்லா வேஷத்தையும் தானே போட்டு, சத்தமாகப் பேசிக் கைப்பேசியில் பதிவு செய்வாள். பிறகு கேட்டுத் தட்டச்சு செய்வாள். தையல் மெஷினடியில் இருந்த சுகுமாரி ஜன்னல் வழியே கேட்டது அனகாவின் சிநேகிதி பேசுகிற பகுதி; ஊர், வயது, ரயிலேறும் இடம் எல்லாம் அதில் வந்தது. "அழாதே அனகா. உன் அம்மா உன் பூட்ஸை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்ததை நான் பார்த்தேன். சனிக்கிழமை நீ ரயிலேறு, நான் உன்னோடு இருக்கிறேன்." இப்படி ஒரு பேச்சைக் கேட்ட விசுவாசமுள்ள எந்தத் தாய் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாள்?

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஜீனா அம்மாவை மாமரத்தடிக்கு இழுத்தாள். "அம்மா, அந்த அனகா வந்து..."

"நீ மறைக்காண்டாம் மக்கா. நான் எல்லாம் கேட்டேன். ரப்பர் மூட்டுல நிண்ணு அந்தப் பிள்ளைய சமாதானப்படுத்தினியே, எனக்க நெஞ்சு பொடிஞ்சு போச்சு." சுகுமாரி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "பெத்த தள்ள செய்யிய வேலயாக்குமா அது?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே சொல்லி முடித்திருக்கலாம். அதற்குள் விஜயதாஸ் வந்து குறுக்கே நின்றார். "பிள்ளே ஜீனா, எந்த வண்டி?"

"அஞ்சு பத்து, மாமா" என்று வாய் தானாகச் சொன்னது. முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் அப்படித்தான் இருந்தது.

"சனிக்கிழமை அஞ்சு பத்துக்கு பாறசாலையில ஒரு வண்டியும் நிக்காது. ஆரு சொன்னது? அவ பிளாட்ஃபாம்ல சும்ம காத்துகிட்டு நிக்க வேண்டியதுதான்."

இங்கேதான் எழுதுகிற ஜாதியின் புத்தி வேலை செய்தது. நல்ல பெண்ணாக இருந்தால் உண்மையை ஒப்புக்கொள்வாள். ஜீனா பைக்குள் கைவிட்டுக் கைப்பேசியை எடுத்து, "அப்பம் எத்தர மணிக்கு வண்டி உண்டு மாமா?" என்றாள்.

"காலத்த ஏழே முக்காலுக்கு நாகர்கோவில் பாசஞ்சர். ரெண்டாம் பிளாட்ஃபாம். ரெண்டு நிமிஷம் நிக்கும்."

ஜீனா குறித்துக்கொண்டாள். அவள் பொய் ஒன்றும் சொல்லவில்லை, கவனியுங்கள். வண்டி நேரம் கேட்டாள், அவ்வளவுதான்.

அவள் வாயை அடைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நாகர்கோவிலில் ஒரு பதிப்பகம் அனகாவின் கதையைப் புத்தகமாகப் போடச் சம்மதித்திருந்தது. அச்சில் வரப்போகும் முதல் புத்தகம். எடிட்டர் பிரசீதா ஒரே ஒரு இடத்தில்தான் பிடித்து நிறுத்தியிருந்தாள். "அந்த அம்மா மரக்கட்டை மாதிரி இருக்கா ஜீனா. கத்துறா, கதவைப் பூட்டுறா, பூட்ஸை ஒளிச்சு வைக்கிறா. எதுக்குன்னு தெரியல. முப்பத்தொரு அத்தியாயத்துல அவளுக்கு ஒரு பேருகூடக் கிடையாது. கடைசி அத்தியாயத்துல அவளை மனுசியாக்கு. சனிக்கிழமை பத்து மணிக்கு அதோட நேர்ல வரலைன்னா இந்த வருஷப் பட்டியல்ல உன் புத்தகம் இல்ல." இரண்டு மாதமாக இதே பேச்சு. ஜீனா கடுப்பில் பிரசீதாவின் எண்ணையே 'அனகா அம்மா' என்று மாற்றிச் சேமித்து வைத்திருந்தாள்.

அவள் எதை எழுதுவாள்? எதற்கென்று அவளுக்கே தெரியாதே. அனகாவின் பூட்ஸ் நிஜத்தில் ஒரு நீலப் பை. ஜீனா பிளஸ் ஒன் படிக்கும்போது திருச்சூரில் எழுதுகிற பிள்ளைகளுக்கு மூன்று நாள் முகாம் என்று பள்ளியில் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அம்மா சம்மதித்தாள், யூனிஃபார்ம் தைத்து மிஞ்சிய நீலத் துணியில் பை தைத்தும் கொடுத்தாள். போகிற அன்று காலையில் பையைக் காணவில்லை. இரண்டு பேரும் வீடெல்லாம் தேடினார்கள். ரயில் போய்விட்டது. சாயங்காலம் கஞ்சிக்கு அரிசி அளக்க டின்னைத் திறந்தால், அரிசிக்கு நடுவே நீலத் துணி. ஜீனா டின்னை மூடினாள். வாயையும் மூடினாள். அதைப் பற்றி அம்மாவும் பேசவில்லை, மகளும் பேசவில்லை. பத்து வருஷமாக அந்த வீட்டில் அந்த டின்னில் இருந்துதான் சோறு வெந்தது.

அந்த வாரம் அனகா ஊரில் இறங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை பக்கத்து வீட்டு சத்யபாமா வேலியைத் தாண்டி வந்தாள். அவள் சபைக்காரி இல்லை, அம்பலத்துக்குப் போகிறவள். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் எந்தக் கோவில் என்று பார்க்கிற ஆள் இல்லை. கையில் ஒரு ஜோடி ஃபுட்பால் பூட்ஸ். "எனக்க அனூஜுக்க பூட்ஸாக்கும் மோளே. அவனுக்குக் கால் வளந்து போச்சு. அந்தக் குட்டிக்கு எத்தர நம்பர்?"

ஜீனா அதை யோசித்ததே இல்லை. "ஆறு" என்றாள்.

"இதும் ஆறாக்கும்!" சத்யபாமாவுக்குப் புல்லரித்தது. ஜீனாவுக்கும்தான். "அது செரி, அந்தக் குட்டிக்க அச்சன் எங்க? அங்ஙேரு ஒண்ணும் சொல்லல்லியா?"

ஜீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தொரு அத்தியாயத்தில் அனகாவுக்கு அப்பாவே இல்லை! செத்தாரா, ஓடினாரா, ஒரு வரி கிடையாது. ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படித்தும், எடிட்டர் இரண்டு தடவை திருத்தியும் கண்ணில் படாத ஓட்டையைச் சத்யபாமா வேலியோரம் நின்றே பிடித்துவிட்டாள். "அச்சன் மஸ்கட்டுல சேச்சி" என்று தன் சொந்த அப்பாவையே தூக்கிக் கொடுத்துவிட்டு, உள்ளே ஓடிப்போய் எழுதி வைத்தாள்.

அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் தனியாகச் சிரித்தாள். கண்டக்டர் பார்த்தான், பார்த்துவிட்டுப் போகட்டும். எந்த எழுத்துக்காரிக்கு இந்தக் கொடுப்பினை உண்டு? அவளுடைய பெண்ணுக்கு ஒருத்தி பூட்ஸ் கொண்டு வருகிறாள், ஒருத்தர் ரயில் பார்த்துச் சொல்கிறார், ஒரு சபையே முட்டுக் குத்தி நிற்கிறது. செயலியில் பிள்ளைகள் 'அக்கா, அந்த அம்மாவைக் கொன்னுடுங்க' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். இங்கே அதே அம்மாவின் மனம் திரும்ப வேண்டுமென்று ஆள் மாற்றி ஆள் சங்கிலி ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை விஜயதாஸ் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குளத்தூருக்கே போய்விட்டார். அந்தப் பக்கம் முழுக்க விசாரித்ததில் மூன்று அனகாக்கள் அகப்பட்டார்கள். ஒருத்தி எல்கேஜி. ஒருத்திக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. மூன்றாமவள் பல் டாக்டர், நாற்பது வயது. விஜயதாஸ் எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டரிடம் அரை மணி நேரம் புத்தி சொல்லி, வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு, ஒரு கடைவாய்ப் பல்லையும் பிடுங்கிக்கொண்டு திரும்பினார்.

"அந்தக் குட்டி பேர மாத்திச் சொல்லியிருக்கு" என்று வீங்கிய தாடையோடு வந்து சொன்னார். "கவலப்படாண்டாம் சுகுமாரி. சனிக்கிழமை நான் ஸ்டேஷன்ல நிப்பேன். நம்ம ஆளுவளும் நிக்கும்."

வியாழக்கிழமை சாயங்காலம் ஜீனா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுகுமாரி அரிசி அளக்க டின்னைத் திறந்தவள், அப்படியே நின்றாள். மூடி கையில் இருந்தது. "பிள்ளைக்க சாமானத்தக் கொண்டுபோயி இதுக்குள்ள ஒளிச்சு வெக்கியதுண்ணா..." என்று பல்லைக் கடித்தாள். "அவ என்ன தள்ளயாக்கும்? அவளுக்க கையில புழு வெக்கும்."

கத்தி ஜீனாவின் கையில் நின்றுவிட்டது. அதே டின். அதே மூடி. அம்மா மறந்தே போய்விட்டாள். செய்ததுகூடப் பெரிதில்லை, சுத்தமாகத் துடைத்து மறந்துவிட்டு ஊரார் வீட்டு அம்மாவைத் திட்டுகிறாளே என்று ஜீனாவுக்கு ஆத்திரம் பொங்கியது. அன்றைக்கு எழுத உட்கார்ந்ததில் கதையின் அம்மா முன்னைவிடப் பெரிய ராட்சசி ஆனாள். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அழித்தாள். பிரசீதா சொன்னது சரிதான், மரக்கட்டைதான்.

வெள்ளிக்கிழமை சுகுமாரி உபவாசம் என்று சொல்லிவிட்டாள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவள், காலையில் இருந்து வெறும் தண்ணீர். ஜீனா கெஞ்சினாள், திட்டினாள், தட்டில் போட்டு முன்னால் வைத்தாள்.

"நாளைக்கு அந்தப் பிள்ள வீட்டை விட்டு இறங்கப் போறா. எனக்குத் தொண்டையில எறங்காது. அந்தத் தள்ளைக்க நம்பர் தா. நான் பேசிட்டுத் திங்கியேன்."

"அவியளுக்கு போனு கெடையாது அம்மா."

"இந்தக் காலத்தில போனில்லாத தள்ளயா? நீ தராண்டாம். கர்த்தர் தருவாரு."

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கர்த்தர் தந்தார். ஜீனா குளித்துக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, புத்தகம் போனால் போகட்டும் என்று ஒருவழியாக முடிவெடுத்துத் தலையில் தண்ணீர் ஊற்றிய நேரம், தையல் மெஷின்மேல் இருந்த அவளுடைய கைப்பேசி அடித்தது. சுகுமாரி எட்டிப் பார்த்தாள். திரையில் பெரிய எழுத்தில் 'அனகா அம்மா'.

ஜீனா ஈரத் தலையோடு ஓடி வந்தபோது அம்மா ஸ்பீக்கரைப் போட்டு, போனை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே பிடித்துப் பேசிக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே ஜீனாவின் கால் நின்றது.

"போன வெச்சிராதீங்க. நான் உங்களத் திட்டப் போறதில்ல. திட்டத்தான் இருந்தேன். திட்டியதுக்கு எனக்கு யோக்கியத இல்ல. உங்க மோளுக்க பூட்ஸ அரிசி டின்னுல வெச்சீங்கண்ணு கேட்டப்பம் எனக்க நெஞ்சு அடச்சு போச்சு. நான் செய்த அதே வேலயாக்கும் அது."

எதிர்முனையில் இருந்த பிரசீதா நல்ல எடிட்டர்; எங்கே குறுக்கே பேசக் கூடாதென்று அவளுக்குத் தெரியும்.

"எனக்க மோளு திருச்சூருக்குப் போக இருந்தா. நான்தான் பேக்கு தச்சேன். ரெண்டு ஜிப்பு வெச்சு, ஆசையாத் தச்சேன். போகிய அண்ணு காலத்த எனக்குக் கையும் காலும் வெறச்சுது. அவளுக்க அப்பன் மஸ்கட்டுல. வீட்டில நானும் அவளும்தான். இது போச்சுண்ணா பின்ன எனக்குக் கிட்டாதுண்ணு தோணிச்சு. பேக்க எடுத்து அரிசிக்குள்ள தாத்துட்டேன். பின்ன அவ தேடினா. நானும் கூட நிண்ணு தேடினேன். அலமாரிக்க அடியில நான் குனிஞ்சு பாத்தேன் பாருங்க, அத நெனச்சா இப்பமும் எனக்கு வெக்கமாக்கும்."

சுகுமாரி மூச்சு வாங்கினாள்.

"அவ அறிஞ்சாளா இல்லியாண்ணு எனக்குத் தெரியாது. அண்ணைக்குப் பிறவு அவ எனக்க கிட்ட ஒண்ணும் சொல்லியதில்ல. என்ன படிக்கியா, என்ன எழுதியா, ஆருக்க கூடப் பேசி சிரிக்கியா, ஒண்ணும். அவ வீட்டிலதான் நிக்கியா. சோறு திங்கியா. ஆனா அவ அண்ணைக்கே போயாச்சு. உங்க மோளு ரயிலேறிப் போனா ஒரு நாளு திரும்பி வருவா. வீட்டுக்குள்ள இருந்துகிட்டே போனாளுண்ணா நீங்க எந்த ஸ்டேஷன்ல போயி தேடுவீங்க? அந்த பூட்ஸ எடுத்து அவளுக்க கையில குடுங்க. உங்க கையால குடுங்க."

பிரசீதாவின் குரல் கரகரவென்று வந்தது. "சரிக்கா. நாளைக்கே எடுத்துக் குடுத்துடுறேன்."

"கர்த்தர் உங்கள ஆசீர்வதிக்கட்டு" என்று சுகுமாரி போனை வைத்தாள். திரும்பினால் கதவருகே மகள். தலையிலிருந்து சொட்டிய தண்ணீரில் தரை நனைந்திருந்தது; கண்ணில் இருந்து வந்தது எது, தலையில் இருந்து வந்தது எது என்று பிரிக்க முடியவில்லை.

"நான் அண்ணைக்கே டின்ன திறந்தேன் அம்மா" என்றாள் ஜீனா. "வைகிட்டு, அந்திக்கு. அரிசி அளக்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அனகா இல்லை என்றாள். தேன்வரிக்கை யாரென்று சொன்னாள். ரப்பர் மூட்டில் அழுததும் அலறியதும் தான் ஒருத்திதான் என்றாள். நாளைக்குப் பத்து மணிக்கு நாகர்கோவிலில் கடைசி அத்தியாயத்தோடு நிற்க வேண்டும் என்றாள்.

சுகுமாரி ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டாள். முடிவில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். "அப்பம் நான் இப்பம் ஆருக்க கிட்டப் பேசினேன்?"

"புத்தகம் போடுகிய பிரசீதா சேச்சி."

"பூட்ஸ எடுத்துக் குடுக்கேன்னு சொன்னாளே!"

சுகுமாரி எழுந்து போய்க் கஞ்சி குடித்தாள். இரண்டு கோப்பை குடித்தாள். போய்ப் படுத்துவிட்டாள். கோபமா, வெட்கமா, என்னவென்று ஜீனாவுக்குப் பிடிபடவில்லை. எழுதவும் ஓடவில்லை.

காலையில் எழுந்தால் வீட்டில் அம்மா இல்லை. மணி ஏழு பத்து. அப்போதுதான் ஜீனாவுக்குச் சுரீர் என்றது. சனிக்கிழமை! விஜயதாஸ் மாமா! மொத்த சபையும் ஸ்டேஷனில்! கையில் கிடைத்த சுடிதாரை மாட்டி, கைப்பேசியை எடுத்துக்கொண்டு, சத்யபாமாவின் கணவன் பொன்னப்பனின் ஆட்டோவுக்கு முன்னால் போய் விழாத குறையாக நின்றாள். "அண்ணா, பாறசாலை ஸ்டேஷன். வேகம்!"

"கேறு மோளே. நானும் அங்கோட்டுதான். பாமா காலத்தயே போயாச்சு. அந்தக் குட்டி தப்பிச்சிரப்பிடாது."

இரண்டாம் பிளாட்ஃபாரத்தில் பதினாலு பேர். நுழைகிற இடத்தில் இரண்டு பேர், குழாயடியில் மூன்று பேர், பெண்கள் பெட்டி நிற்கிற இடத்தில் விஜயதாஸ், கையில் பழைய பச்சைக் கொடி. பிஎஸ்சி கோச்சிங்குக்குப் போகிற ஒரு பெண்ணை ஏற்கெனவே பிடித்து உட்காரவைத்து, ஏத்தம்பழம் கொடுத்து, தலையில் கைவைத்து ஜெபித்தாகிவிட்டது. அவள் என்ன ஏதென்று தெரியாமல் பழத்தைத் தின்றுகொண்டிருந்தாள். சத்யபாமா பூட்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைச் சேலையில், சுகுமாரி.

ஜீனா மூச்சிரைக்கப் படியேறி இறங்கி வந்தாள். "மாமா, எல்லாரும் கேளுங்க, நான் ஒரு காரியம் சொல்லணும், அந்த அனகா..."

"வந்தாச்சு" என்றாள் சுகுமாரி.

பதினாலு பேரும் திரும்பினார்கள். "எங்க? எங்க?"

"இன்னா நிக்கியா." சுகுமாரி மகளைக் காட்டினாள். ஆராதனையில் சாட்சி சொல்கிற குரல் அது, கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கும். "அந்தப் பிள்ள இவளாக்கும். இவ கதை எழுதியா. அது புத்தகமா வருது. கல் நெஞ்சுக்காரி ஒரு தள்ளைக்கு வேண்டி நீங்க ஞாயித்துக்கிழம மொதல் ஒரு ஆழ்ச்ச ஜெபிச்சீங்கல்லா? அது நானாக்கும்."

விஜயதாஸின் பச்சைக் கொடி தானாகக் கீழே இறங்கியது. பல் பிடுங்கிய தாடையைத் தடவிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். "அப்பம் நம்ம ஜெபம்?"

"கர்த்தர் கேட்டாரு" என்றாள் சுகுமாரி.

"கேட்டாருண்ணா செரி." அவர் முகம் தெளிந்தது. சட்டென்று ஜீனாவின் பக்கம் திரும்பினார். "பிள்ளே, புஸ்தகத்தில வண்டிக்க நேரம் மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு மாமா. ஏழே முக்கால்."

"அப்பம் எனக்க பூட்ஸு?" என்றாள் சத்யபாமா.

அதற்குப் பதில் சொல்ல நேரமில்லை, ஏழே முக்கால் வந்தேவிட்டது. சுகுமாரி சேலைத் தலைப்பை விலக்கி, அதுவரை மறைத்து வைத்திருந்ததை எடுத்து நீட்டினாள். நீலப் பை. மடிப்புகளில் நிறம் வெளுத்திருந்தது. ஒரு ஜிப் மட்டும் புதிது. விடிகாலையில் அந்த வீட்டில் மெஷின் ஓடிய சத்தத்தை ஜீனா கனவு என்று நினைத்திருந்தாள்.

"கேறு" என்றாள் அம்மா. "சோறு பொதிஞ்சு வெச்சிருக்கு. மாத்துச் சட்ட ஒண்ணு உண்டு. போயிட்டு வா."

ஜீனா அவளைக் கட்டிப்பிடித்தாள். எத்தனை வருஷமாயிற்று என்று இரண்டு பேருக்கும் தெரியும். விஜயதாஸ் இரண்டு நிமிஷம்தான் என்று கத்தினார். தடுத்து நிறுத்த வந்த பதினாலு பேரும் சேர்ந்து அவளைத் தூக்காத குறையாக வண்டிக்குள் தள்ளினார்கள். சத்யபாமா பூட்ஸை ஜன்னல் வழியே மடியில் எறிந்தாள். ஆறாம் நம்பர் கால் யாருக்காவது இருக்காதா என்ன. பிஎஸ்சிக்காரப் பெண் பாதிப் பழத்தோடு எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். பச்சைக் கொடி ஆடியது. ரயில்வே கொடுத்த அதிகாரம் எதுவும் அதற்குக் கிடையாது, ஆனாலும் வண்டி நகர்ந்தது.

சுகுமாரி கூடவே நடந்தாள். நடை ஓட்டமானது. "எடி ஜீனா! அந்தத் தள்ளைக்கு ஒரு பேரு கெடையாதாமே! நான் பின்னயும் போன்ல விளிச்சுக் கேட்டேன், பிரசீதா சொன்னா!"

"என்ன பேரு வெக்க அம்மா?"

"எனக்க பேர வை!" பிளாட்ஃபாரம் முடிகிற இடத்தில் நின்று, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அவள் சிரித்தாள். "ஊரு முழுக்க அறிஞ்சாச்சு! இனி என்னத்துக்கு மறைக்கியது!"

ஜீனா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எதிர் சீட்டுப் பெண்ணும் காரணம் தெரியாமலே கூடச் சிரித்தாள். சோற்றுப் பொதியை ஓரமாக வைக்கப் பையைத் திறந்தபோது, உள் தையலின் ஓரத்தில் பழுப்பேறிய இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை. ஜிப்பை மூடினாள். நாகர்கோவிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கைப்பேசியை எடுத்து, இந்தத் தடவை சத்தமாகப் பேசாமல், விரலாலேயே கடைசி அத்தியாயத்தின் முதல் வரியை எழுதினாள்.

சுகுமாரி அரிசி டின்னைத் திறந்தாள்.